பிலோமினா அக்கா போட்டுக்கொண்ட செருப்பு

போன் வந்தபோது இரண்டு படகுகள் தண்ணீரில் இருந்தன. ஒன்றில் ஒடுகத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். இன்னொன்றில் கல்லூரிப் பிள்ளைகள். பிலோமினா அக்காவின் மகன் ஆரோக்கியம்தான் பேசினான். "அக்கா, அம்மா போய்ட்டாங்க" என்றான். போனை இடுப்பில் செருகிக்கொண்டு அப்படியே நின்றேன். ஓடிப்போய் பஸ் ஏறவேண்டும் போல இருந்தது. ஆனால் தண்ணீரில் ஆட்களை விட்டுவிட்டு எப்படிப் போவது? அக்காவின் சாவுக்கென்றே போனாலும் அதை அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார்.

நேரமாச்சு, வாங்க என்று கூப்பிட்டேன். குடும்பம் வந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் துடுப்பால் தண்ணீரை அடித்து விளையாடிக்கொண்டு, இன்னும் ஒரு சுற்று என்றார்கள். என் குரலில் என்ன தெரிந்ததோ, அதில் ஒரு பெண்பிள்ளை மற்றவர்களை அதட்டிப் படகைத் திருப்ப வைத்தாள். எல்லாரையும் கைபிடித்து இறக்கி, லைஃப் ஜாக்கெட்டுகளை வாங்கி மாட்டி, படகுகளைக் கட்டிவிட்டுத்தான் மலையை விட்டு இறங்கினேன். அக்கா இல்லை என்று தெரிந்த பிறகு நான் செய்த முதல் வேலை, அக்காவின் வேலைதான்.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஏழாவதோடு நின்றவள். முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறோம், நீங்களும் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று ஆரோக்கியம் கேட்டான். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. நீங்கள் எல்லாரும் அக்காவைக் கணியம்பாடிப் பக்கத்து உங்கள் ஊரில், கோயிலில், கல்யாணத்தில் பார்த்தவர்கள். மலை மேல் ஏரிப் பூங்காவில் படகு விடும் இடத்தில் அவர் எப்படி இருந்தார் என்று சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். அடக்கத்தன்று நான் செய்த ஒரு காரியத்துக்காக உங்களில் சிலர் என்மேல் வருத்தமாக இருக்கிறீர்கள் என்றும் தெரியும். அதற்கும் சேர்த்துத்தான் இது.

கணவர் தவறிய பிறகு அக்கா ஏன் சொந்த ஊரில் இருக்காமல் மலைக்கு வேலைக்கு வந்தார் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நானும் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அங்க எல்லாரும் என்னப் பாத்தாலே தலைய சாய்ச்சிப் பேசறாங்க பச்ச. இங்க வர்றவங்க சிரிச்சிக்கினே வர்றாங்க." என் பெயர் பச்சையம்மாள். அக்காவுக்கு நான் கடைசி வரை பச்சதான்.

நான் கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பேன், லைஃப் ஜாக்கெட் கொடுப்பேன். அக்கா தண்ணீரை ஒட்டி இருக்கும் மரப்பலகையில் நிற்பார். படகில் ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. "ஏத்தறது பெரிசில்ல, எறக்கறதுதான் வேல" என்பார். ஏறும்போது எல்லாருக்கும் பயம் இருக்கும், சொன்னபடி கேட்பார்கள். திரும்பி வரும்போது கரை பக்கத்தில் தெரிகிறது, பயம் போய்விடுகிறது, படகு தட்டுவதற்கு முன்பே எழுந்து நின்றுவிடுகிறார்கள். கவிழ்வது அப்போதுதான்.

ஒருமுறை வாணியம்பாடியிலிருந்து தோல் வியாபாரம் செய்கிற ஒரு பாய் குடும்பத்தோடு வந்தார். நல்ல பருமனான ஆள். போய் படகின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பாய், நடுவுல வாங்க. நீங்க ஓரத்துல ஒக்காந்தா போட்டு ஏரியப் பாக்காது, வானத்தப் பாக்கும்" என்றார். அவர் மனைவி முகத்தை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. "இன்னாம்மா, ஊருக்கு முன்னால என்ன எட போட்டுட்டியே" என்றபடி பாய் நடுவில் வந்து உட்கார்ந்தார். திரும்பி வரும்போது அவரும் அதே தப்பைத்தான் செய்தார். பலகை எட்டும் முன்பே எழுந்தார். "ஒக்காரு!" என்று அக்கா போட்ட சத்தத்தில் கூண்டுக்குள் நின்றிருந்த நானும் உட்கார்ந்துவிட்டேன். பாயும் அப்படியே உட்கார்ந்தார். இறக்கிவிட்ட பிறகு அக்கா சொன்னார், "கோச்சிக்காதீங்க பாய். தண்ணிக்கு மரியாத தெரியாது. அதான் எனக்கும் மறந்துபோச்சி." அடுத்த முறை அந்தக் குடும்பம் எங்களுக்கு ஒரு தூக்கு நிறைய பிரியாணி கொண்டுவந்தது.

பலகை ஈரத்தில் வழுக்கும். அதனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படகில் ஏறவேண்டும். மற்ற இடங்களில் செருப்பு குவியலாகக் கிடக்கும். அக்கா அப்படி விடமாட்டார். ஒவ்வொரு ஜோடியையும் கையால் எடுத்து, விரல் பக்கம் ஏரியைப் பார்க்கும்படி வரிசையாகத் திருப்பி வைப்பார். யாருடைய செருப்பு ஏரியைப் பார்த்து நிற்கிறதோ அவர் இன்னும் தண்ணீரில் இருக்கிறார் என்று அர்த்தம். எங்கள் ஏரியில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே நாணல் மறைத்துக்கொள்ளும், படகு கண்ணுக்குத் தெரியாது. அதனால் அக்கா ஏரியைப் பார்ப்பதைவிடச் செருப்பைத்தான் அதிகம் பார்ப்பார்.

அதனால் பிழைத்தவர்களும் உண்டு. கண்ணமங்கலத்துப் புதுமணத் தம்பதி ஒன்று நாணலுக்குள் போய் ஒதுங்கிவிட்டது. திடீரென்று மழை பிடித்து, மற்றப் படகுகள் எல்லாம் முட்டி மோதிக்கொண்டு கரைக்கு வந்தன. படகு விடக் குத்தகை எடுத்திருந்த காண்ட்ராக்டர், எல்லாரும் வந்தாயிற்று, பூட்டுங்கள் என்றார். அக்கா பலகையைக் காட்டினார். இரண்டு ஜோடி மழையில் நனைந்துகொண்டு ஏரியைப் பார்த்து நின்றன. அந்த மழையில் தானே துடுப்பு போட்டுக்கொண்டு போய், கை விறைத்துக் கிடந்த இருவரையும் கூட்டிவந்தார். நாங்கள் இருப்பது எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே கேட்டாள். "உன் செருப்பு சொல்லிச்சி, இன்னும் வூட்டுக்குப் போவலன்னு" என்றார்.

இத்தனை சரியாகச் செய்துகொண்டிருந்தவருக்குத்தான் அது நடந்தது.

தீபாவளி முடிந்து வந்த விடுமுறை. நல்ல கூட்டம். பொழுது சாயும்போது பனி இறங்கிவிட்டது. படகுகள் எல்லாம் வந்துவிட்டன, கட்டியாயிற்று. லைஃப் ஜாக்கெட்டுகள் எல்லாம் ஆணியில் தொங்குகின்றன. பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், அக்கா பலகையில் அசையாமல் நிற்கிறார். ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. பெண்கள் போடுகிற ரப்பர் செருப்பு, நீல வார். ஒரு பக்கம் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. ஏரியைப் பார்த்து நின்றது. அப்படித் திருப்பி வைத்தது அக்காவின் கைதான்.

காண்ட்ராக்டர் எரிந்து விழுந்தார். படகு வந்துவிட்டது, ஜாக்கெட் வந்துவிட்டது, இன்னும் என்ன என்றார். "ஜாக்கெட் போடாம எறங்கினவங்களுக்கு எந்த ஆணியப் பாக்கறது?" என்று அக்கா கேட்டார். அக்காவுக்கு அந்தப் பெண்ணின் முகம் நினைவில் இல்லை. தனியாக நின்றாள், செருப்பைக் கையில் கொடுத்தாள், வாங்கி வைத்தேன், அதற்குள் ஒரு படகு வந்துவிட்டது, திரும்பிக்கொண்டேன் என்று மட்டும் சொன்னார். அவள் எந்தப் படகிலும் ஏறியதாக நினைவில்லை. அப்படியென்றால் எங்கே இறங்கினாள்?

மறுநாள் கீழிருந்து தீயணைப்பு வண்டி வந்தது. கயிறும் கொக்கியும் போட்டுத் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. பெண்ணைக் காணவில்லை என்று போலீசில் யாரும் எழுதிக் கொடுத்திருக்கவும் இல்லை. செருப்பைத் தூக்கிக் குப்பையில் போடு என்றார் காண்ட்ராக்டர். அக்கா அதைக் கழுவித் துடைத்து, பலகையின் கடைசியில், அதே மாதிரி ஏரியைப் பார்த்து வைத்தார்.

அன்றிலிருந்து அது அங்கேயே இருந்தது. வெயிலில் வார் வெளுத்தது. மழைக்காலத்தில் பாசி பிடித்தால் அக்கா தேய்த்துக் கழுவுவார். தினமும் சாயங்காலம் படகுகளைக் கட்டிய பிறகு பலகையின் முனைக்குப் போய் நிற்பார். சத்தமாக இல்லை. பக்கத்து அறையில் தூங்குகிற பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுவார்.

"நேரமாச்சிம்மா. எல்லாரும் வந்துட்டாங்க. நீயும் வந்துடு."

கொஞ்ச நேரம் காத்திருப்பார். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வருவார். முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. பிறகு அக்கா கூப்பிடாமல் என்னால் பூட்ட முடியாமல் போனது. ஒருநாள் அவர் கூப்பிட்டு முடித்ததும் பலகைக்குப் பக்கத்திலேயே தண்ணீரில் ஒரு வட்டம் எழுந்து விரிந்தது. மீனாக இருக்கும் என்றேன். அக்கா அந்த வட்டம் முழுதாக அழியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். மாடு மேய்க்கிறவர்கள் பொழுது சாய்ந்தால் பலகையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று பேச ஆரம்பித்தார்கள். எங்கள் மலை ஆட்கள் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வருவதை விட்டார்கள்.

விட்டுத் தொலையுங்கள் அக்கா என்று எத்தனையோ முறை சொன்னேன். "எவ்ளோ பேர எறக்கிட்டேன் பச்ச. ஒருத்தி மட்டும் என் கைல மாட்டாம அங்கியே நின்னுனு கீறா. நான் எப்பிடி வூட்டுக்குப் போய் சோறு துன்றது?" என்றார். அவருக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். தன் கையில் செருப்பைக் கொடுத்துவிட்டுப் போன ஒருத்தியைத் தான் கரைக்குக் கொண்டுவரவில்லை என்பது. வேறு எதற்கும் அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

அப்படியே சில வருஷங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, இடுப்பில் ஒரு குழந்தை. புருஷன் குழந்தையை வாங்கிக்கொண்டு முன்னால் போனான். அந்தப் பெண் செருப்பைக் கழற்றப் பலகைக்கு வந்தவள், வந்த வேகத்தில் என் கூண்டுக்குத் திரும்பி ஓடிவந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. டிக்கெட் கொடுக்கிற கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்தச் செருப்பு ஏன் இன்னும் அங்கியே கீது?"

ஒரு பெண் ஏரியில் இறங்கிவிட்டாள், அவளுடையது என்று சொன்னேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அது அவளுடைய செருப்பு.

அவள் எந்த ஊர் என்று இங்கே எழுத மாட்டேன். மலைக்குக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவளுக்குக் கரு தங்காமல் தங்காமல் போய்க்கொண்டிருந்ததாம். புருஷனும் வண்டியிலிருந்து விழுந்து படுத்த படுக்கை. ஜோசியர் ஒருவர் பரிகாரம் சொல்லியிருக்கிறார். உன்னைப் பிடித்திருக்கும் பீடை உன் காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது, போட்டுத் தேய்ந்த செருப்பை மலை மேல் ஒரு நீர்க்கரையில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடு, பீடை செருப்போடு நின்றுவிடும் என்று. எங்கள் மலையில் இந்த வழக்கம் கிடையாது. அக்கா வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், அவருக்கும் தெரியாது. இவள் வந்து எல்லாரையும் போல அக்கா கையில் செருப்பைக் கொடுத்திருக்கிறாள். வெறுங்காலோடு போய் பஸ் ஏறியிருக்கிறாள். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது, குழந்தையும் பிறந்தது. புருஷன் ஏரி பார்க்க வேண்டும் என்றதால் வந்திருக்கிறாள். யாராவது எப்போதோ தூக்கி எறிந்திருப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

"தொட்டா திரும்ப ஒட்டிக்கும்னு சொன்னாங்க. அது அங்க நின்னுனு என்னியவே பாக்கற மாரி கீதுக்கா. எம்புள்ள அந்தப் பலகையில நடக்கணுமா?" என்றாள்.

லைஃப் ஜாக்கெட் எடுக்க வந்த பிலோமினா அக்கா அவளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷமாகத் தண்ணீரில் நின்றவள் உயிரோடு அவர் முன்னால் நிற்கிறாள். கட்டிப்பிடித்து அழுவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே திரும்பிப் பலகைக்குப் போனார். நீல வார் செருப்புக்குள் இரண்டு காலையும் நுழைத்தார். அவருக்கு அது சின்னது. குதிகால் வெளியே நின்றது. பலகையில் இப்படியும் அப்படியும் நடந்தார்.

"இது இன்னாடி வம்பாப் போச்சி. இது என் செருப்பு. ஒடுகத்தூர் சந்தையில இதே மாரி கொட்டி வெச்சி விக்கறான். உன்னுது அப்பவே நாயி தூக்கினு போச்சி" என்றார். என் பக்கம் கையைக் காட்டி, "இவளுக்கு வாய் நீளம். ஏரில ஆளு கீதுன்னு வர்றவங்கள எல்லாம் இப்பிடித்தான் மெரட்டினு இருப்பா" என்றார்.

அந்தப் பெண் அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "போம்மா, உன் வூட்டுக்காரன் புள்ளைய வெச்சினு நிக்கறான் பாரு" என்று அக்கா அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினார். அவள் போய் ஏறினாள். திரும்பி வந்தபோது அக்காதான் குழந்தையை வாங்கி இறக்கிவிட்டு, அவள் கையையும் பிடித்து இறக்கினார். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பிடித்திருந்தார்.

அன்று சாயங்காலம் அவர் கூப்பிடவில்லை. பலகையில் உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தார். "தண்ணில யாருமே இல்ல பச்ச. எவ்ளோ நிம்மதியா கீது தெரியுமா?" என்றார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் முன்னால் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப இவ்ளோ நாளா நீங்க வா வான்னு கூப்ட்டது…" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அக்கா குனிந்து காலைப் பார்த்தார். "அவ வுட்டுட்டுப் போன பீடையத்தான் கூப்ட்டிருக்கேன். வந்துட்டுது" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார்.

கழற்றி எறியுங்கள் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. "எறிஞ்சா வேற எவளாவது எடுத்துப் போட்டுப்பா. அந்தப் பொண்ணு இன்னொரு நாளு வந்து பாத்தா நான் சொன்னது பொய்னு ஆயிடும். எனக்கு இதுல நம்பிக்க இல்ல. நம்பிக்க இல்லாத காலு ஒண்ணு வேணும் இல்ல, இத்தப் போட்டுக்க?" என்றார். அன்றிலிருந்து அந்தச் செருப்பில்தான் நடந்தார். பஸ்ஸுக்கு, கடைக்கு, பூசைக்கும்கூட. குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தபோதும் மாற்றவில்லை. நீங்களே கோயில் வாசலில் பார்த்திருப்பீர்கள். பிலோமினாவுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கக்கூட மனசில்லை என்று கேலி பேசியிருப்பீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு வயிற்று வலி வந்தது. சோறு இறங்கவில்லை. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆரோக்கியமும் நானும் கூட்டிக்கொண்டு போனோம். கட்டி என்றார்கள், பரவிவிட்டது என்றார்கள். பல வருஷமாகவே உள்ளே இருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பல வருஷம் என்றால் செருப்பைப் போட்டுக்கொள்வதற்கு முன்பே அல்லவா? அப்படியென்றால் செருப்பால் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். மலை ஏறி, கடைசி வளைவு திரும்பி ஏரி தெரிந்தபோதுதான் மற்றது உறைத்தது. அந்தப் பல வருஷத்திலும் சாயங்காலம் தவறாமல் அக்கா பலகை முனையில் நின்று வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டுதானே இருந்தார். அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து என்னை விடவில்லை. இதை எழுதும்போதும் விடவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆரோக்கியம் வீட்டில். கட்டிலில் ஒரு பிடியாகக் கிடந்தார். செருப்பு கட்டிலுக்குக் கீழே இருந்தது. மருமகளைக் காபி போட அனுப்பிவிட்டு, என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"ஒரு வேல கீது பச்ச. ஆரோக்கியம் செய்ய மாட்டான், நீ செய்யணும். பொட்டில வெக்கறப்போ இத்த என் கால்ல மாட்டிடு. வெளிய வுட்டுடாத. இந்த வூட்டுல சின்னப் பொண்ணு கீறா."

"புதுசா நல்லதா வாங்கிப் போடறேங்கா" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். "நம்பிக்க இல்லன்னு சொன்னீங்களே?"

அக்கா கண்ணை மேலே திருப்பிக்கொண்டார். "அப்ப ஒடம்பு நல்லா இருந்திச்சி" என்றார்.

அவருக்கும் பயம் வந்திருக்கிறது. எத்தனை மாதமாக அந்தப் பயத்தைக் காலில் போட்டுக்கொண்டு நடந்தாரோ தெரியாது. என்னிடமும் சொல்லவில்லை, பெற்ற பிள்ளையிடமும் சொல்லவில்லை. காபி வந்ததும் மருமகளிடம் சர்க்கரை கம்மி என்று குறை சொல்லிச் சிரித்தார்.

அடக்கத்தன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். குளிப்பாட்டி, பட்டுப்புடவை கட்டி, காலுக்கு வெள்ளை சாக்ஸ் போட்டிருந்தார்கள். நான் அந்தத் தேய்ந்த ரப்பர் செருப்பை எடுத்துக்கொண்டு போனேன். உறவுக்காரப் பெண்கள் என் கையைப் பிடித்துத் தடுத்தார்கள். பெற்ற தாயை இந்தக் கோலத்திலா அனுப்புவது என்றார்கள். கோயில் உபதேசியாரும் வாசலில் நின்று பார்த்தார். அக்கா கேட்டது என்பதற்கு மேல் எனக்கு அந்தக் கூட்டத்தில் எதுவும் சொல்ல வரவில்லை. ஆரோக்கியம் என்னைப் பார்த்தான். விடுங்கள், அவர் செய்யட்டும் என்றான். சாக்ஸ் மேலேயே மாட்டினேன். குதிகால் அப்போதும் வெளியேதான் நின்றது. காரணம் இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மாவைக் கேவலப்படுத்திவிட்டாள் என்று நினைத்தவர்கள் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

திரும்பி வேலைக்கு வந்த பிறகு எனக்கு மனசு சரியில்லை. அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. உன் குடும்பம் நன்றாக இருக்க என் அக்காதான் கிடைத்தாரா என்று தனியாக இருக்கும்போது வாய்விட்டே கேட்டிருக்கிறேன். அவள் மறுபடி வந்தால் என்ன சொல்லவேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். புருஷன் வரவில்லை. குழந்தை இப்போது நடக்கிறது, கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அந்த அக்கா எங்க?" என்றாள்.

இறந்துவிட்டார் என்றேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழந்தை அவள் தோளைப் பிடித்து இழுத்தது. என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும்கா. அந்த ஊக்கு நான் குத்தினது. அவங்க கால நுழைச்சப்போ வேணாம்னு சொல்லியிருக்கணும். எம்புள்ளைய நெனச்சி வாய மூடினு போய் போட்டுல ஒக்காந்துட்டேன்." பிறகு நிமிர்ந்தாள். "என்னுதாலதான் போனாங்களா?"

சேர்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் தொண்டை வரை வந்தன. அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொன்னால் அதைச் சுமந்துகொண்டு அந்தக் குழந்தையோடு மலை இறங்கிப் போவாள். அதற்கு அப்புறம் அந்த வீட்டில் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது.

"இல்ல" என்றேன். "நீ இந்த மல ஏறி வர்றதுக்கு முன்னாடியே அவங்க வயித்துல கட்டி இருந்திச்சி. டாக்டர் எங்கிட்டயே சொன்னாரு. அந்தச் செருப்பும் அவங்க காலோடவே மண்ணுக்குள்ள போயிடுச்சி. இனிமே அது யாருதும் இல்ல."

"நெசமாவா?"

"நெசம்."

டாக்டர் சொன்னது பல வருஷம் என்று மட்டும்தான். 'நீ வர்றதுக்கு முன்னாடி' என்பது நான் சேர்த்தது. அவள் உங்கள் ஊரும் இல்லை, உங்கள் கோயிலும் இல்லை, இந்தப் புத்தகம் அவள் கைக்குப் போகாது. யார் என்று யாருக்காவது பிடிபட்டாலும் தயவுசெய்து அவளிடம் போய்ச் சொல்லாதீர்கள். அவள் அழுது முடித்து, பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு, படகில் ஒரு சுற்று போகட்டுமா என்று கேட்டாள். நானே துடுப்பு போட்டேன். நாணல் வளைவு வரைக்கும் போய் வந்தோம். குழந்தை தண்ணீரில் கையை விட்டுக்கொண்டே வந்தது, நான் தடுக்கவில்லை.

அக்காவின் பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. புடவையைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, பயந்து நிற்கிற ஒருத்தியின் கண்ணைப் பார்த்து 'நெசம்' என்று சொல்ல வந்த அந்த வாய்தான். அது அதற்கு முன்னால் என்னிடம் இருந்ததில்லை. பயம் எனக்குப் போகவில்லை. சாயங்காலம் படகுகளைக் கட்டிவிட்டு நிமிர்ந்தால் ஏரி என் முதுகுக்குப் பின்னால் இருப்பது தெரிகிறது. கடைசி ஆள் பூங்கா வாசலைத் தாண்டும் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன். அதற்குப் பிறகு கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.